ஆறு மணி நேரம் கழித்து வரும் தண்ணீர்

கெத்தாம் தீவுக்குப் பின்புறம், கிள்ளான் தீவின் காட்டோரமாக நங்கூரம் போட எத்தனை மீட்டர் ஆழம் வேண்டும் என்று பாய்ப்படகு பழக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி பாதியில் நிற்கிறது. எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். நம் கடலில் பகல் 12 மணிக்கு 3 மீட்டர் காட்டிய இடம் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் 7 மீட்டர் காட்டும். நள்ளிரவில் மறுபடி 3 மீட்டருக்கு இறங்கிவிடும். படகு ஒரே இடத்தில்தான் நிற்கிறது, தண்ணீர்தான் மாறுகிறது.

போர்ட் கிள்ளானில் 1969இல் தொடங்கிய படகுக் கிளப், இன்று அரச செலாங்கூர் யாட் கிளப் என்ற பெயரோடு ஆற்றுமுகத்தில் இருக்கிறது. அங்கிருந்து பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும் ராஜா மூடா பந்தயம் 1990இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் படகுமேல் தமிழ் முகம் தெரிவது அபூர்வம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கிரேன் ஓட்டியவர்களும் நம்மவர்கள். பாய் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். இப்போது பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, தோளில் பையோடு பிள்ளைகள் வருகிறார்கள். பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். சிலர் புலிக்கொடி போட்ட டீ-சர்ட் மாட்டிக்கொண்டு, கடாரம் வென்ற பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். சோழன் வந்த கடலில் இன்றைக்குத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டால் கைப்பேசியைத் தேடுகிறார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்குத்தான்.

1. தண்ணீர் அட்டவணையை வீட்டிலேயே பாருங்கள், படகில் ஏறிய பிறகு அல்ல.

கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராபி மையம் ஆண்டுதோறும் பசாங்-சுருட் (ஏற்ற இறக்க) அட்டவணை வெளியிடுகிறது. அந்த மையம் இருப்பதே பக்கத்தில், இண்டா தீவில். நில அளவைத் துறையும் தனியாக ஒரு அட்டவணை போடுகிறது. இரண்டிலும் போர்ட் கிள்ளானுக்கு நாள்வாரியாக நேரமும் உயரமும் இருக்கும். நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். போன சனிக்கிழமை பார்த்த நேரத்தை இந்தச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டால், ஏற்றம் என்று நினைத்துப் போன இடத்தில் சேறு காத்திருக்கும்.

ஊரில் மீன்பிடித்த தாத்தா சொன்ன கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். இலங்கையில் அதைவிடவும் குறைவு. மலாக்கா நீரிணை வடக்கே அகலமாகத் தொடங்கித் தெற்கே போகப் போகக் குறுகுவதால், உள்ளே வரும் தண்ணீர் நெருக்கப்பட்டு மேலே எழும்புகிறது. போர்ட் கிள்ளானில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். கிள்ளான் கடலோரக் கம்பங்களில் ஆண்டுக்குச் சில நாள் வரப்பு மீறித் தண்ணீர் வருகிறதே, அது மழைத்தண்ணீர் அல்ல, இந்தத் தண்ணீர்தான்.

2. சங்கிலியை இப்போதைய ஆழத்துக்கு விடாதீர்கள், வரப்போகும் ஆழத்துக்கு விடுங்கள்.

எத்தனை தரம் சொன்னாலும் போதாத விஷயம் இது. கணக்காகவே காட்டிவிடுகிறேன்.

பெரிய நாள் ஒன்றில் வித்தியாசம் 4.2 மீட்டர் என்று வையுங்கள். தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஒரே சீராக ஏறாது. பழைய மாலுமிகள் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 4.2 மீட்டரில் ஒரு பங்கு 35 சென்டிமீட்டர். ஆகவே நடு இரண்டு மணிகளில் ஒவ்வொன்றிலும் 1.05 மீட்டர் ஏறிவிடும். நீங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு மீட்டர் கூடியிருக்கும்.

இப்போது நங்கூரத்துக்கு வருவோம். பகல் தாழ்நீரில் போய்ச் சேர்ந்தீர்கள். ஆழமானி 3 மீட்டர் காட்டுகிறது. படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். ஆக 4 மீட்டர். சங்கிலி ஐந்து மடங்கு வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள், 20 மீட்டர் விட்டீர்கள். திருப்தியாகத் தேநீர் போடப் போய்விட்டீர்கள். ஆறு மணி நேரம் கழித்து ஆழம் 7.2 மீட்டர். முன்முனையோடு சேர்த்து 8.2. உங்கள் 20 மீட்டர் சங்கிலி இப்போது இரண்டரை மடங்குகூட இல்லை. சங்கிலி தரையில் படிந்து கிடந்து நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் நங்கூரத்தின் நாக்கு மண்ணுக்குள் இறங்கும். மடங்கு குறைந்தால் சங்கிலி செங்குத்தாகி, இழுக்கிற ஒவ்வொரு தடவையும் நாக்கை மேலே கிளப்பும். அந்த இடத்துக்கு 41 மீட்டர் விட்டிருக்க வேண்டும். சங்கிலி கொஞ்சமாகவும் மீதி கயிறாகவும் இருந்தால் ஏழு மடங்கு.

உயர்நீரில் போய்ச் சேருகிறவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். 5 மீட்டர் இருக்கிறதே என்று போடுவார். தாழ்நீரில் அங்கே 80 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். கீல் 1.8 மீட்டர் இறங்கும் படகு சேற்றில் உட்கார்ந்து பக்கவாட்டில் சாயும். ஏற்றத்தின் உச்சியில் போடுகிறவருக்குக் கணக்கு இது: வித்தியாசம் 4.2, கீல் 1.8, கைவசம் அரை மீட்டர், ஆக 6.5 மீட்டருக்குக் குறையாத இடம். கூடவே, உங்கள் ஆழமானி நீர்மட்டத்திலிருந்து காட்டுகிறதா, கீலுக்குக் கீழே இருந்து காட்டுகிறதா என்று படகு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவல் படகில் இதைக் கேட்காமல் போகிறவர்களை என்ன சொல்வது!

3. கப்பல் வழியில் நிற்காதீர்கள்.

வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்துக்கு எதிரே கால்வாய்க்கு அந்தப் பக்கம் பச்சையாகத் தெரிவதெல்லாம் அலையாத்திக் காட்டுத் தீவுகள். இந்தப் பக்கம் உலகத்தின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள், 400 மீட்டர் நீளம் வரைக்கும். நடுவில் இருக்கும் கால்வாய்தான் அவற்றுக்கு வழி. அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளில் ஒன்பதாவது விதி தெளிவாக இருக்கிறது: 20 மீட்டருக்குக் குறைவான படகும் பாய்ப்படகும், கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. பாய்ப்படகுக்குத்தான் முதலுரிமை என்று எங்கோ படித்ததை இங்கே மறந்துவிடுங்கள். அவ்வளவு பெரிய கப்பலை மாலுமி நினைத்தாலும் சட்டென்று நிறுத்த முடியாது.

கால்வாயின் ஓரத்தில் நின்றாலும் கப்பல் கடக்கும்போது தண்ணீர் முதலில் உறிஞ்சப்பட்டு விலகும், பிறகு திரும்பி வரும். ஆழம் குறைந்த இடத்தில் இது கீலைத் தரையில் தட்டவைக்கப் போதும். கெத்தாம் படகுகள் கிளப்பும் அலை வேறு. அடுப்பில் எதையும் கட்டாமல் வைக்காதீர்கள்.

கடல் வரைபடத்தில் நங்கூரம் போடத் தடை என்று குறித்திருக்கும் பகுதிகளையும், கடலடிக் கம்பி, குழாய் போகும் இடங்களையும் முந்தின இரவே பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும் குறிகள் சில உண்டு, காகிதத்தில் தப்பாது.

4. சேற்றுக்கு அவசரம் ஆகாது.

தரை முழுக்கச் சேறு. இட்லி மாவுப் பதத்தில் மேல்பரப்பு, கீழே போகப் போக இறுக்கம். பாறைக்கும் பவளத்துக்கும் செய்த நங்கூரம் இங்கே வழுக்கிக்கொண்டே போகும். அகல நாக்கு உள்ளது, டான்ஃபோர்த் மாதிரி, நன்றாகப் பிடிக்கும். போட்டவுடன் எஞ்சினைப் பின்னோக்கி வேகமாகக் கொடுத்து இழுப்பதுதான் புதியவர்களின் பழக்கம். அப்படி இழுத்தால் நங்கூரம் மேல் சேற்றை உழுதுகொண்டே வரும். மெதுவாக இறக்குங்கள். ஓட்டத்தோடு படகு பின்னால் போகப் போகச் சங்கிலியை விடுங்கள். கால் மணி நேரம் சும்மா விடுங்கள், தன் எடையிலேயே அது இறங்கட்டும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெல்லக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பிடித்துவிட்டதா என்று பார்க்க ஜிபிஎஸ் அலாரம் மட்டும் போதாது. கரையில் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் பாருங்கள். காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கி பகலில் நல்ல குறி. இரவில் வெஸ்ட்போர்ட்ஸ் கிரேன் விளக்குகள். கோடு விலகினால் நீங்கள் நகருகிறீர்கள். பீர் பாட்டிலைத் திறப்பது இதற்குப் பிறகு.

5. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திரும்பும்.

கிள்ளான் நீரிணையில் பெரிய நாட்களின் ஓட்டம் 2, 3 நாட் வேகத்துக்குப் போகும். தண்ணீர் ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது நேர் எதிர்ப்பக்கம். மாலையில் ஒரு திசையில் பிடித்த நங்கூரத்தை நள்ளிரவில் எதிர்த்திசையில் இழுக்கும். சில நேரம் நங்கூரம் புரண்டு, மறுபடி புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கும். ஓட்டம் திரும்பும் நேரத்துக்கு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அட்டவணையில் உள்ள உயர்நீர் நேரத்திலேயே ஓட்டம் நின்றுவிடும் என்றும் எண்ணாதீர்கள். கால்வாய்க்குள் அது பிந்தி நிற்கலாம், பிந்தித் திரும்பலாம்.

ஆழமான கீல் உள்ள படகு ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். பக்கத்தில் நிற்கும் மீனவரின் தட்டையான சம்பான் காற்றுக்கு முகம் கொடுக்கும். இரண்டும் ஒன்றாகச் சுழலும் என்று நம்பி நெருங்கி நின்றால் ராத்திரி முட்டிக்கொள்ளும். விட்ட சங்கிலியோடு படகின் நீளத்தையும் சேர்த்தால் கிடைக்கிற தூரம் நாலாபுறமும் காலியாக இருக்க வேண்டும். இடம் குறுகலாக இருந்தால் இரண்டு நங்கூரம், ஒன்று ஏற்றத்துக்கு, ஒன்று இறக்கத்துக்கு. அதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். முதல் பயணத்தில் வேண்டாம். இரண்டு சங்கிலியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால் அவிழ்க்கிற வேலை பகல் முழுக்கத் தின்னும்.

6. முதல் தடவை அரைநிலா நாளில் போங்கள்.

அட்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் பெரிய நாளில் பாதிக்கும் கீழே. ஓட்டமும் மெலிவு. பிழை செய்தாலும் தண்ணீர் மன்னிக்கும். பௌர்ணமி இரவில் கடலில் தங்கினால் அழகாக இருக்கும் என்று திட்டம் போட்டு வருகிறார்கள். அழகுதான். ஆனால் பெரிய நாளின் உச்ச ஏற்றத்தில் தரைதட்டினால், அடுத்து வரும் ஏற்றம் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவாகவே இருக்கும். அதே உயரம் திரும்பி வர இரண்டு வாரம் ஆகலாம். முதலாளியிடம் இரண்டு வார விடுப்புக்கு என்ன காரணம் எழுதுவீர்கள்?

7. சுமத்ரா.

பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் இளையவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரவில் சுமத்ரா தீவின் பக்கம் எழும் இடிமேகம் வரிசை கட்டி நீரிணையைக் கடந்து நம் கரைக்கு வரும். வரும் நேரம் பெரும்பாலும் விடியலுக்கு முன், அல்லது காலைப் பொழுதில். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். மேற்கே கறுப்பாக ஒரு கோடு, அடியில் வெளுப்பு, திடீரென்று குளிர்ந்த காற்று. அப்புறம் யோசிக்க நேரம் கிடையாது. ஒரு மணி, இரண்டு மணியில் முடிந்துவிடும்.

இதைத் தண்ணீரோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் போர்ட் கிள்ளானில் தண்ணீர் உச்சத்துக்கு வருவது ஏறக்குறைய காலை 6, 7 மணிக்கு. மாலையிலும் அதே வாக்கில். தாழ்நீர் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும். சனிக்கிழமை காலையில் கிளப்பிலிருந்து இறங்கும் தண்ணீரோடு சுகமாக மிதந்து போய், நண்பகல் தாழ்நீரில் நங்கூரம் போடுகிறவர் நிலை என்ன? அவருடைய சங்கிலி மிகக் குட்டையாக இருக்கப்போகிற நேரமும் சுமத்ரா வரக்கூடிய நேரமும் ஒன்றே. மாலை உயர்நீரில் காற்றில்லாமல் தப்பித்ததை நங்கூரம் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார். விடியலில் படகு அலையாத்தி வேருக்குள் போய் நிற்கும்.

அதனால் மாலை 6 மணிக்குச் சங்கிலியை மறுபடி எண்ணுங்கள். மீதி இருப்பதை விடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலியால் பயனில்லை. காற்று மேற்கிலிருந்து வரும் என்பதால் தீவின் மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும் இடத்தில் இரவு தங்காதீர்கள். கிழக்குப் பக்கம் மறைவு கிடைக்கும், ஆனால் கப்பல் வழிக்கு நெருக்கம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிப்பதுதான் வரைபடம் படிக்கிற திறமை. வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும். அது சில மணி நேரத்துக்கு முந்திய செய்திதான், நேற்றே சொல்லிவிடாது. மின்னல் நெருங்கினால் பாய்மரத்தையும் அதன் கம்பிகளையும் தொடாமல் உள்ளே உட்காருங்கள். கையடக்க ரேடியோவையும் ஒரு கைப்பேசியையும் இரும்பு அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடுவது பழைய ஆட்களின் வழக்கம். சிரிப்பார்கள், வையுங்கள்.

8. விளக்கும் கறுப்பு உருண்டையும்.

நங்கூரமிட்ட படகு பகலில் முன்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை தொங்கவிட வேண்டும். இரவில் நாலாபுறமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு. இது விதி. உருண்டையை யாரும் போடுவதில்லை, போடுங்கள். விளக்கில் மட்டும் சமாதானமே கிடையாது. இரவு 2 மணிக்கு வலை இழுக்கப் போகும் சம்பான் விளக்கில்லாமல் முழு வேகத்தில் வரும். அவர் உங்களைப் பார்த்தாக வேண்டும். கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் ரோந்துப் படகும் வரும். கடத்தல் நடக்கிற நீரிணை இது. அடையாள அட்டை, படகின் தாள்கள் கையருகே இருக்கட்டும், கேட்டால் மரியாதையாகக் காட்டுங்கள். ரேடியோவில் 16ஆம் சேனல் திறந்தே இருக்க வேண்டும்.

9. காடு உங்களுக்குத் திறந்த வீடு அல்ல.

கிள்ளான் தீவுகளின் அலையாத்திக் காடு மாநிலத்தின் நிரந்தரக் காட்டு ஒதுக்குப் பகுதி. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் அதற்கு உண்டு. இறங்க வேண்டும், முகாம் போட வேண்டும் என்றால் செலாங்கூர் வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் படகிலேயே இருந்து பாருங்கள், பார்க்க அவ்வளவு இருக்கிறது. பாக்காவ் மரத்தில் கயிறு கட்டி நிறுத்துவது, விறகுக்குக் கிளை ஒடிப்பது, வேரில் ஒட்டிய சிப்பியைக் கொத்துவது, எதுவும் வேண்டாம்.

பறவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை சைபீரியாப் பக்கமிருந்து உள்ளான்களும் மற்றக் கரைப்பறவைகளும் இந்தச் சேற்றுத் திட்டுகளுக்கு வருகின்றன. வடக்கே ஆசியாவின் கோடியிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் பாதையில் நம் செலாங்கூர் கரை ஒரு சாப்பாட்டு நிறுத்தம். தாழ்நீரில் சேறு திறக்கும்போது பரந்து மேயும். அப்போது தூரத்தில் நின்று பார்த்தால் அவற்றுக்குப் பெரிய தொல்லை இல்லை. தண்ணீர் ஏறும்போது மேய இடமில்லாமல் மிச்சமிருக்கும் மேட்டிலும் மரத்திலும் நெருக்கமாகக் கூடி நிற்கும். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கில் ஒதுங்குவது இதற்குத்தான். உயர்நீரில் சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு படமெடுக்க நெருங்கினால் அவை எழும்பும். போய் உட்கார வேறிடம் கிடையாது. பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்கச் சேர்த்த கொழுப்பு அந்த வீண் பறப்பில் செலவாகும். ஆகவே படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் இறங்கும் தண்ணீரில் போங்கள். மொட்டைத் தலையோடு ஒற்றையாக நிற்கும் பெரிய நாரையைப் பார்த்தால் அது புரோங் போத்தாக். எண்ணிக்கையில் அருகிப்போன பறவை. எஞ்சினை அணைத்துவிட்டு இருந்த இடத்திலிருந்தே பாருங்கள்.

தோணியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. இறங்கும் தண்ணீரில் ஓடைக்குள் நுழைந்தால் வெளியே வரத் தண்ணீர் இருக்காது. சேற்றில் இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் தொடை வரை போகும். உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பதே வழி. குடிதண்ணீரும் தொப்பியும் இல்லாமல் தோணியில் ஏறாதீர்கள்.

10. நீந்தாதீர்கள்.

3 நாட் ஓட்டத்தை எதிர்த்து நல்ல நீச்சல்காரரும் நீந்த முடியாது. கிள்ளான் ஆற்றில் முதலை தென்பட்ட செய்தியும் அவ்வப்போது வருகிறது. வேறென்ன சொல்ல!

11. கொசு.

மாலை 6 மணிக்கு முன் எல்லாத் திறப்புகளையும் வலையால் மூடுங்கள். மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அவ்வளவு நிம்மதி. அகாஸ் என்கிற பொடிப்பூச்சி வலைக்குள்ளும் நுழையும், அதற்கு எண்ணெய் பூச வேண்டும்.

இந்தத் துறைமுகமே கொசுவிடம் தோற்கப் பார்த்த கதை பலருக்குத் தெரியாது. அலையாத்திக் காட்டை வெட்டி 1901 செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று திறந்தார்கள். சில மாதத்துக்குள் மலேரியா அடித்துத் துறைமுகத்தை மூடுகிற நிலை வந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் வரப்புக் கட்டி, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவைத்த பிறகுதான் நோய் இறங்கியது. பிறகு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் இதே துறையில்தான் இறங்கித் தோட்டங்களுக்குப் போனார்கள். 1972இல் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. கொசு பெயர் மாற்றவில்லை.

12. மீனவர் இடத்தில் நீங்கள் விருந்தாளி.

கெத்தாம் சுற்றுப்புறத்தில் மிதக்கும் மீன் கூண்டுகள், நண்டுக்கூடு மிதவைகள், நீண்ட வலைகள். வடக்கே ஜெராம், கோலசிலாங்கூர் பக்கம் போனால் கம்பு நட்டு எல்லை கட்டிய கெராங் சிப்பிப் பாத்திகள். அது விதைத்த நிலம். தண்ணீர் ஏறினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, நங்கூரம் அதை உழுதுவிடும். கூண்டுக்கார தவுக்கேயிடம் நல்ல மலாயில் ஒரு வார்த்தை கேட்டால், எங்கே தரை பிடிக்கும், எங்கே பழைய வலை மூழ்கிக் கிடக்கிறது என்று கை நீட்டிக் காட்டிவிடுவார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. திரும்பும்போது அவரிடமே நாலு மீன் வாங்குங்கள், விலை பேசாதீர்கள்.

ஆற்றிலிருந்து வரும் குப்பையும் இங்கே ஒரு பொருட்டு. இறங்கும் தண்ணீரில் நீப்பா மட்டையும் மரத்துண்டும் பிளாஸ்டிக் பையும் வரிசையாக வரும். மரம் விசிறியை உடைக்கும். பை, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் துளையை அடைக்கும். எஞ்சினைக் கிளப்பியதும் பின்னால் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்ப்பது ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலை.

13. கிளம்பும் நேரத்தையும் தண்ணீரே சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தண்ணீர் இறங்கி நின்று திரும்பியதும் கிளம்புங்கள். ஏறும் தண்ணீர் ஆற்றுமுகம் வரை தள்ளிக்கொண்டு வரும். எதிர்த்து வந்தால் எண்ணெய்தான் கரையும். நங்கூரம் சேற்றில் ஆழப் போயிருந்தால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். சங்கிலியை நேர்க்குத்தாக வரும்வரை சுருட்டி, கட்டையில் கட்டிவிட்டு, சில நிமிடம் காத்திருங்கள். ஏறுகிற தண்ணீர் படகைத் தூக்கும்போது அதுவே பிடுங்கிக்கொண்டு வரும். முன்முனை தாழ்ந்துகொண்டே போனால் மட்டும் உடனே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

சங்கிலி மேலே வர வர வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் சுக்கானில். அந்தச் சேற்றோடு பெட்டிக்குள் போட்டால் இரண்டாம் நாள் படகு முழுக்க நாற்றம் எடுக்கும், அடுத்த வாரம் வருகிறவர் உங்களைத் திட்டுவார். கைகால் சேற்றையும் கிளப் குழாயிலேயே கழுவிவிடுங்கள். கொமுட்டரில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.